ரவுட்டருக்குள் ஒரு செண்பகவல்லி

ஆவுடையப்பன் தமது அறுபத்தெட்டாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, தம் மனைவியாக மாறினார். மாறுவதற்கு நாலு நிமிடம் பிடித்தது. அதில் மூன்று நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் போனது. அது மூக்கிலேயே இருந்தது.

பெருமாள்புரத்து வீட்டு மேஜைக்கு அடியில் அவர் மண்டிபோட்டுக் கிடந்தார். மேஜைக்கு மேலே புது ரவுட்டர், அதன் பக்கத்தில் செண்பகவல்லியின் கணினி. செண்பகவல்லி பல் டாக்டரிடம் போயிருந்தாள். நாற்காலியில் காபியோடு சாட்சிக்கு உட்கார்ந்திருந்தவர் ஞானதுரை. தொலைபேசி இலாகாவில் ஆவுடையப்பனோடு முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். ஆவுடையப்பன் சொல்லும் கதைப்படி, அவர் லீவு போட்ட நாட்களில் தென்மாவட்டங்களில் யாரும் யாரோடும் பேசியதில்லை. ஊருக்கு ஊர் புறாதான் பறந்தது. ஞானதுரை சொல்லும் கதைப்படி, ஆவுடையப்பன் லீவு போட்ட நாட்களில்தான் லைன்கள் ஒழுங்காக இருந்தன.

"வே, ஒரு ஆளைக் கூப்பிட்டா பத்து நிமிசத்துல மாட்டிட்டுப் போயிருவான்" என்றார் ஞானதுரை.

"எவனை? கம்பத்துல ஏறுதவனையா? எனக்கு வந்து அவன் பாடம் எடுக்கவா? முப்பத்தாறு வருசம்வே!"

"இதுக்கு முன்னால இருந்த ரவுட்டரு எங்க?"

"அதைக் கழட்டிப் பாத்தேன்."

"கெட்டுப்போச்சா?"

"நல்லா ஓடிச்சு. ஏன் இவ்வளவு நல்லா ஓடுதுன்னு பாக்கத்தான் கழட்டினேன்."

லைன் வாங்கிய அன்றும் இதே கதைதான். ஆவுடையப்பனின் பலகைக் கணினி அன்று தாம்பாளத்தில் பாகம் பாகமாகக் கிடந்தது. வந்தவர்கள் கையில் கிடைத்த செண்பகவல்லியின் கணினியை மாட்டி, லைனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து அந்த லைனுக்கு அந்த எந்திரம் ஒன்றைத்தான் தெரியும். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனால் வீடே ஊமையாகிவிடும்.

முன்பானால் இது ஒரு விஷயமே இல்லை. ஓராள் ஓரெந்திரச் சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன் வலை முழுக்கப் போலி மனிதர்கள் பெருகிப்போயிருந்தார்கள். ஞானதுரை மகன் கல்யாணத்துக்கு நாலாயிரம் பேர் வாழ்த்து அனுப்பினார்கள். அதில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை. மீதி நூறு பேரில் பாதிப்பேர் செத்துப்போனவர்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. ஆளுக்கு ஓர் எந்திரம். அந்த எந்திரத்துக்குள் தொழிற்சாலையிலேயே பொறித்த மேக் முகவரிதான் இனி ஆள். பெயர், கடவுச்சொல் எதுவும் செல்லாது. யாராவது உம்முடைய முகவரியை அடைத்துவிட்டால் அவர் வாழ்க்கையிலிருந்து நீர் வெளியே. சுற்றிப்போகச் சந்து கிடையாது.

"இந்த ரவுட்டருல ஒரு வசதி உண்டு" என்று ஆவுடையப்பன் மேஜைக்கு அடியிலிருந்து உபதேசம் செய்தார். "எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து இதைத் திறக்கோமோ, அதோட மேக் முகவரியை அப்படியே நகல் எடுத்துக்கிடும். அப்புறம் லைன்காரன் எட்டிப் பாத்தா வாசல்ல செண்பகம் நிப்பா. உள்ள நான், ஃபிரிட்ஜு, மிக்சி எல்லாரும் அவ முதுகுக்குப் பின்னால."

"சட்டப்படி தப்புல்லா?"

"நம்ம காலத்துல வீட்டுக்கு வீடு செஞ்சது ஓய்."

"சரி, உண்மையைச் சொல்லும். மிக்சிக்காகவா இந்தப் பாடு?"

மேஜைக்கு அடியில் ஆவுடையப்பன் திருகிய திருகையே மறுபடி திருகினார்.

ஞானதுரைக்குத் தெரியும். பெருமாள்புரத்தில் தெரியாதவர் யார்? ஆவுடையப்பனின் ஒரே மகள் அமுதினி நாலு வருடத்துக்கு முன் ஓசூரில் முனிரத்தினம் என்பவரைக் கட்டிக்கொண்டாள். முனிரத்தினத்துக்கு வலை லைன் இழுக்கிற வேலை. எஞ்சினியர் ஆவுடையப்பனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு மறுவீட்டுச் சொதி போடவேண்டும். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் தாலி கட்டினால்கூடப் பாதிக் கல்யாணம்தான், தேங்காய்ப்பால் சொதி போட்டால்தான் முழுக் கல்யாணம். ஆவுடையப்பன் அன்று அடுப்பையே பற்றவைக்க விடவில்லை. போதாததற்கு மகளிடம், "உம் புருசன் இழுத்த லைன் மாதிரிதான் இந்தக் கல்யாணமும். எப்ப அறுந்து தொங்கும்னு சொல்லமுடியாது" என்று ஒரு வாக்கியம் சொன்னார். சொன்னபோது, ஆகா, என்ன ஒரு உவமை என்று அவருக்கே மெய்சிலிர்த்தது.

அன்று சாயங்காலமே மகள் அவர் முகவரியை அடைத்துவிட்டாள். நாலு வருடமாகப் பொது இடங்களில் போய் உட்கார்ந்து அவர் அனுப்பியவையெல்லாம், 'பெறுநருக்கு நீங்கள் இல்லை' என்று திரும்பி வந்தன. அந்த உவமைக்கு அவர் கொடுத்த விலை அது.

"நகல் எடுக்கவா?" என்று திரை கேட்டது. ஆவுடையப்பன் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"வே, இப்ப நீரு யாரு?" என்றார் ஞானதுரை.

"செண்பகவல்லி" என்றார் ஆவுடையப்பன். அவர் குரலே கொஞ்சம் மெலிந்ததுபோலத்தான் இருந்தது.

செண்பகவல்லி தினமும் மூன்று மணிக்குக் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். அங்கே இலவசக் குளிர்சாதனம் என்பது அவள் சொன்ன காரணம். மறுநாள் அவள் தெருமுனை தாண்டியதும் ஆவுடையப்பன் தம் பலகைக் கணினியை எடுத்து உட்கார்ந்தார். தாய் ஒருத்தி மகளுக்கு எப்படி எழுதுவாள் என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு எழுதினார்.

'எப்படி இருக்க, தாயி?'

போய்விட்டது. திரும்பி வரவில்லை. அவருக்கு நெஞ்சு மிக்சி போல ஓடியது. ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'நல்லா இருக்கேம்மா.'

ஆவுடையப்பன் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். ஃபிரிட்ஜைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் மூன்றரை மணிக்கு அவர் தாயானார். தாய்மை இவ்வளவு சுலபமென்று தெரிந்திருந்தால் எப்போதோ ஆகியிருக்கலாமே என்றுகூட நினைத்தார். 'எண்ணெய் தேச்சுக் குளிச்சியா, கண்ணு?' என்று கேட்டார். 'வெயில்ல அலையாத, கறுத்துருவ' என்று எச்சரித்தார். இருபதாவது நாள் துணிந்து, 'நாள் தள்ளிப் போயிருக்கா, தாயி?' என்று கேட்டார். 'ஆமாம்மா, ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்காங்க. அதுவரைக்கும் லீவுதான்' என்று பதில் வந்தது. இந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு நாசூக்காகப் பேச்சை மாற்றுகிறார்கள் என்று அவர் வியந்தார்.

ஒருநாள் மகள் சொதிக்குச் செய்முறை கேட்டாள்.

ஆவுடையப்பன் தம் வாழ்நாளில் அடுப்பைப் பற்றவைத்தது ஒரே ஒருமுறை. அப்போது தீயணைப்பு வண்டி வந்தது. (ஒரு வண்டி என்பார் ஞானதுரை. ஏழு என்பார் ஆவுடையப்பன்.) அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்ல மனைவியின் வாயைக் கிண்டினார்.

"இந்தச் சொதி எப்படி வைப்பாக, செண்பகம்?"

அவள் ரசக் கரண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "உடம்புக்கு என்ன செய்யுது?"

"பொது அறிவுக்குக் கேக்கேன்."

"மூணாம் பால்ல காயை வேகவைக்கணும். பாசிப்பருப்பு, ரெண்டாம் பால். கொதிச்சதும் முதல் பால். இஞ்சிச்சாறு, எலுமிச்சை. போதுமா? பரீச்சை எழுதப் போறியளா?"

அத்தனையும் ஓசூருக்குப் போயிற்று. மறுநாள், 'திரிஞ்சு போச்சும்மா' என்று பதில். திரும்பச் செய்தாள், திரும்பத் திரிந்தது. எந்தப் பாலைக் குறை சொல்வது என்று தெரியாமல் தாயும் மகளும் ஒரு வாரம் ஆராய்ந்தார்கள். ஆவுடையப்பன் ஓசூர்த் தண்ணீரைக் குறை சொன்னார்.

முப்பதாவது நாளை ஒட்டி அந்தக் கேள்வி வந்தது.

'அம்மா, அவரைப் பத்தி அப்பா ஏதாவது சொல்வாரா?'

ஆவுடையப்பன் வெகுநேரம் விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தார். சொந்த முகவரியில் என்றால் அந்த விரல் இறங்கியிருக்காது. செண்பகவல்லியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற தைரியத்தில் இறங்கியது.

'உங்கப்பா ஒரு கோட்டிக்காரர், அரைப் பைத்தியம். சொன்னது தப்புன்னு மறுநாளே தெரியும். ஒரு லைன்கூட ஒழுங்கா இழுக்கத் தெரியாத மனுசன், இழுக்கத் தெரிஞ்சவரைப் பாத்துப் பொறாமைப்பட்டார். சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்.'

அன்று அதற்குப் பதில் வரவில்லை. மறுநாள், 'நன்றிம்மா' என்று ஒற்றை வார்த்தை வந்தது. ஆவுடையப்பன் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முப்பத்தெட்டாவது நாள் காலையில் செண்பகவல்லி ஓர் ஓலையோடு வந்து நின்றாள்.

"இந்தாங்க, நான் ரெண்டு எடத்துல இருக்கேனாம்."

இருப்புச் சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஓலை அது. மாதாந்திரச் சோதனையில், ஒரே மேக் முகவரி ஒரே நேரத்தில் நூலகத்திலும் வீட்டிலும் பேசியது தெரியவந்ததாம். நாளை பதினொரு மணிக்கு நேரில் வந்து அசல் யார் என்று நிரூபிக்கவேண்டும். தவறினால் முகவரி ஒரு வருடத்துக்கு முடக்கப்படும்.

"முடக்குனா முடக்கட்டும், குளிர்சாதனந்தானே" என்றார் ஆவுடையப்பன், ரவுட்டரைப் பார்க்காமல்.

செண்பகவல்லி உட்கார்ந்துவிட்டாள். "குளிர்சாதனத்துக்கா போறேன்? எம் மகட்ட பேசப் போறேன். நாலு வருசமா அங்கன இருந்துதான் பேசுதேன். வீட்டுல வச்சுப் பேசினா நீங்க கதவுக்குப் பின்னால நிப்பிய. இந்த நம்பரை அடைச்சிட்டா அவளுக்கு நானும் இல்லாம ஆயிருவேன்ல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆவுடையப்பன் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் ஓலையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள்.

"செண்பகம், அந்த ரெண்டாவது ஆளு..." என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். ரவுட்டர், பச்சை விளக்கு, எண்ணெய்க் குளியல், சொதி. நாள் தள்ளிப்போனதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

செண்பகவல்லி கேட்டு முடித்தாள். "என்னையக் கேட்டிருந்தா நானே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்ல அவகிட்ட?"

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"என் பேர்ல தாயின்னு எழுத வெக்கமா இல்லயாக்கும்! கோட்டிக்கார மனுசா." கொஞ்சம் பொறுத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "மூணரைக்குத் தினமும் அவ எங்கிட்டதானே பேசிட்டு இருந்தா. உங்ககிட்டயும் எப்படிப் பேசினா?"

முப்பத்தாறு வருட எஞ்சினியர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "உம் மகள்லா. ரெண்டு கையாலயும் எழுதுவா."

அலுவலகம் வண்ணார்பேட்டையில் இருந்தது. அதிகாரி ஆயிஷா பர்வீன், மகள் வயதுதான் இருக்கும். ஆவுடையப்பன் உள்ளே நுழைந்ததுமே கையைத் தூக்கிவிட்டார்.

"மேடம், அசல் இவதான். நகல் நான். அவ நம்பரை விட்டுருங்க, என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"உக்காருங்க சார். வாய்ல சொன்னா பத்தாது, சோதிக்கணும்" என்றார் ஆயிஷா. "உங்க முகவரி நிறையப் பேசினது ஓசூர்ல ஒரே ஒரு முகவரியோட. அதுலதான் சிக்கல். அந்த ஓசூர் முகவரியும் ரெண்டு எடத்துல இருந்திருக்கு. ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு வீட்ல. அதனால ரெண்டு கேஸையும் சேத்தே விசாரிக்கிறோம்."

சுவர்த் திரை விழித்துக்கொண்டது. ஓசூரில் அதே அலுவலகத்தின் கிளை அறை. அமுதினி உட்கார்ந்திருந்தாள். காதோரம் ஒரு நரைமுடி. இது எப்போது வந்தது என்று ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் இடுப்புவரை கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு முனிரத்தினம்.

"கம்பத்துல இருந்து விழுந்துட்டாரு. ரெண்டு மாசமாச்சு" என்று செண்பகவல்லி காதோடு சொன்னாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு உவமை சொல்லியிருப்பிய."

ஆவுடையப்பன் நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"முந்தாநாள் மூணரைக்கு என்ன பேசினீங்க?" என்று ஆயிஷா செண்பகவல்லியைக் கேட்டார்.

"ஆபீஸ்ல புதுசா ஒரு மேனேஜரம்மா வந்திருக்காளாம். அவளைப் பத்தி."

"ஆமா மேடம், அதான் பேசினோம்" என்றாள் அமுதினி.

"சரி. இந்தப் பக்கமும் அசல், அந்தப் பக்கமும் அசல்." ஆயிஷா பர்வீன் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். "அதே மூணரைக்கு நகல் செண்பகவல்லி என்ன பேசினாங்க?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம்" என்றார்.

அமுதினி புரியாமல் தாயைப் பார்த்தாள். அப்போது அவள் பக்கத்திலிருந்து ஒரு தொண்டைச் செருமல்.

"முதல் பால் ஊத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா பிழியணும்னு" என்றார் முனிரத்தினம். "நான் கேட்டேங்க. அவங்க ரெண்டுமே சரிதான்னு சொன்னாங்க."

"அடுப்பை அணைச்ச பிறகுல்லா பிழியணும்!" என்று செண்பகவல்லி தன்னை மறந்து கத்தினாள். "கொதிக்கும்போது விட்டா திரியாம என்ன செய்யும்? இது தெரியாத ஒரு பொம்பள உண்டா எங்க ஊர்ல?"

உண்மைதான். அந்த முப்பத்தெட்டு நாளில் இரண்டு பக்கமும் சேர்த்து நெல்லைப் பெண் ஒருத்தி இருந்திருந்தால், முதல் சொதியிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இருந்தது இரண்டு ஆம்பிளைகள்.

ஆவுடையப்பனுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தாயி என்றது. கண்ணு என்றது. எண்ணெய்க் குளியல். கறுத்துருவ. நாள் தள்ளிப் போயிருக்கா என்று, கட்டுப் பிரிக்கிற நாள் தள்ளிப்போன ஓர் ஆம்பிளையைக் கேட்டது. சர்க்கார் கட்டடங்களில் தரை பிளந்து ஆளை விழுங்குகிற வசதி ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் வருந்தினார்.

"லைன் அவ பேர்லங்க" என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ எந்திரத்தோட ஆபீஸ் போயிட்டா வீட்ல ஒண்ணும் ஓடாது. காலும் ஒடஞ்சு கெடக்கு. அதான் ரவுட்டர்ல அவ நம்பரை நகல் போட்டேன். மறுநாள் எப்படி இருக்கன்னு அத்தைகிட்ட இருந்து வந்துச்சு. வீட்டு லைன்ல கெளம்பினது வீட்டு லைனுக்குத்தான் வரும்போல, அவளுக்குப் போகல. அந்த வீட்ல இருந்து யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. ஒரே ஒரு தடவை பதில் போட்டுட்டு நிறுத்திடலாம்னுதான் நெனச்சேன்."

ஆயிஷா பர்வீன் பேனாவைக் கீழே வைத்தார்.

"படிவத்துல ஏமாந்தவர் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. இவர் அவரை ஏமாத்தியிருக்காரு, அவர் இவரை ஏமாத்தியிருக்காரு. யாராவது புகார் குடுக்கறீங்களா?"

இரண்டு பக்கமும் தலைகள் அசைந்தன, இல்லையென்று.

"அப்ப நகல் ரெண்டையும் அழிச்சிட்டேன். அவங்கவங்க எந்திரத்தை அவங்கவங்க வீட்டு லைன்ல சேத்தும் விட்டுட்டேன். இன்னொருத்தர் முகவரியில பேசி இன்னொரு தடவை மாட்டினா ஒரு வருசம் முடக்கம். உங்க ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

"அமுது..." என்றார் ஆவுடையப்பன்.

அமுதினி அதிகாரியைப் பார்த்து, "விசாரணை முடிஞ்சுதா மேடம்?" என்றாள்.

"நீ அதையெல்லாம் ஒரு தடவை படிச்சுப் பாரேன். நான் அழிக்கல" என்று முனிரத்தினம் அவளிடம் மெதுவாகச் சொன்னதுதான் கடைசியாகக் கேட்டது. திரை அணைந்தது.

மகள் அடைத்த கதவு அடைத்தபடியே இருந்தது. ஆனால் முனிரத்தினத்தின் முகவரியை ஆவுடையப்பன் அடைத்திருக்கவில்லை. அடைக்கிற அளவுக்குக்கூட அந்த மனிதரை அவர் மதித்ததில்லை. அன்று சாயங்காலம் அதன் வழியாக ஒரு செய்தி வந்தது.

'சாப்டீங்களா மாமா?'

மணி ஐந்தரை. 'இன்னும் இல்லை' என்று எழுதினார்.

'சரிங்க மாமா.'

பத்து நிமிடம் யோசித்து, 'கால் எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்.

'பரவால்லைங்க மாமா.'

அவ்வளவுதான். பெண்களாக இருந்தபோது உலகத்தையே பேசித் தீர்த்தவர்கள், சொந்தப் பெயரில் வந்ததும் சவத்தைப்போல விறைத்துக் கிடந்தார்கள். மறுநாளும் சாப்பாடு, கால். அதற்கு மறுநாள் மழை உண்டா என்று கேட்டு ஒரு புதுமை செய்தார் ஆவுடையப்பன். 'இல்லைங்க மாமா.' மூன்று நாளில் அந்த மனிதர் எழுதியதில் பாதிக்குமேல் 'ங்க'தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த கையோடு அவர் ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டிருந்தார். முனிரத்தினத்தின் முகவரியிலிருந்து செய்தி வந்தது.

'மாத்திரையைத் தண்ணி இல்லாம முழுங்கிட்டு, தொண்டையில நிக்கி தொண்டையில நிக்கின்னு ஊரைக் கூட்டுத வேலை இன்னும் நடக்கா, மாமா?'

ஆவுடையப்பன் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முனிரத்தினம் இந்த வீட்டுக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. அவர் மாத்திரை விழுங்கிப் பார்த்ததில்லை. ஓசூர்க்காரர் எவரும் இந்த ஜென்மத்தில் நிற்கிறதை 'நிக்கி' என்று எழுதமாட்டார்.

"யாருங்க?" என்று செண்பகவல்லி வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். ஒருமுறை படித்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் ஆவுடையப்பன். மாத்திரை அப்போதுதான் உண்மையாகவே தொண்டையில் நின்றது.

"மாப்பிள்ளைக்கு இன்னைக்கு எழுத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் இந்த ஆள்மாறாட்டத்தை அவர் உடனே ஆயிஷா பர்வீனுக்குத் தெரிவித்திருக்கவேண்டும். விரலைத் திரைக்கு மேலே கொண்டுபோனார். சொந்த முகவரி. முன்னால் நிற்பதற்குச் செண்பகவல்லி இல்லை. ஆனாலும் விரல் இறங்கியது.

'இப்பவும் நிக்கி, மாப்பிள்ளை. தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன். போயிராதீங்க.'